கல்லீரலுக்கு நல்லது கெட்டது தெரியாது

'கல்லீரலைச் சுத்தம் செய்யுங்கள்' என்று விற்கப்படும் பொருட்களுக்கு இப்போது குறைவே இல்லை. டீடாக்ஸ் டீ, டீடாக்ஸ் ஜூஸ், மாத்திரை, சூரணம், இருபத்தொரு நாள் கோர்ஸ்... எல்லா அட்டைகளிலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான்: உடலில் தேங்கிய நச்சுகளை வெளியேற்றும். எந்த நச்சு, அதன் பெயர் என்ன, எத்தனை மில்லிகிராம் உள்ளே இருந்தது, எத்தனை வெளியே போனது என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. பற்றும் வரவும் காட்டாமல் லாபத்தை மட்டும் காட்டும் கணக்கை எந்த ஆடிட்டரும் ஏற்கமாட்டார். வயிற்றுக்குள் போகும் பொருளுக்கு மட்டும் அந்தக் கணக்கை யாரும் கேட்பதில்லை!

இந்த வியாபாரத்துக்கு அடித்தளம் ஒரு பழைய நம்பிக்கை. கல்லீரல் ஒரு காவல்காரன். நஞ்சு உள்ளே வந்தால் அடையாளம் கண்டு, பிடித்து, முறித்துப் போட்டுவிடும். பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்ததும் இதுதான். இதில் பாதி உண்மை. மீதிப் பாதியை யாரும் சொல்லாததால்தான் ஒரு பக்கம் டீடாக்ஸ் வியாபாரம் நடக்கிறது, இன்னொரு பக்கம் சாதாரணக் காய்ச்சல் மாத்திரையால் கல்லீரல் போய் மனிதர்கள் சாகிறார்கள். உண்மையில் எது நஞ்சு, எது மருந்து என்பது கல்லீரலுக்குத் தெரியாது. எண்ணெயில் கரையும் பொருளைத் தண்ணீரில் கரையும்படி மாற்றுவதுதான் அதற்குத் தெரிந்த வேலை. மாற்றிய பிறகு அந்தப் பொருள் சாதுவானதா, முன்பைவிடக் கொடியதானதா என்பது அதன் கவலையே இல்லை.

இதைப் புரிந்துகொள்ள பென்சீன் வளையத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. வேதியியல் என்றாலே ஓடுபவர்களும் (பாதிப் பேர் காமர்ஸ் குரூப் எடுப்பதே அதற்காகத்தான்) கொஞ்சம் பொறுமையாகப் படிக்கலாம். சமன்பாடு எதுவும் வராது.

1825-ல் மைக்கேல் ஃபாரடே, விளக்கு எரிக்கும் வாயுவில் இருந்து படிந்த எண்ணெய்க் கசடில் பென்சீனைப் பிரித்தெடுத்தார். ஆறு கார்பன், ஆறு ஹைட்ரஜன். அது ஒரு வளையம் என்று 1865-ல் கெக்குலே சொன்னார். இந்த வளையம் உள்ள பொருட்களுக்கு 'அரோமேட்டிக்' என்று பெயர். முதலில் கிடைத்தவை வாசனையாக இருந்ததால் வந்த பெயர் அது. இன்று பெயருக்கும் வாசனைக்கும் சம்பந்தமில்லை. கிராம்பின் மணத்திலும் அந்த வளையம் உண்டு, வெனிலாவிலும் உண்டு, அந்துருண்டையிலும் உண்டு, பெட்ரோலிலும் உண்டு, மஞ்சளிலும் உண்டு, பாரசிட்டமாலிலும் உண்டு.

வளையம் உறுதியானது, லேசில் உடையாது. அதோடு வெறும் வளையம் எண்ணெய்ப் பசையுள்ளது, தண்ணீரோடு ஒட்டாது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சிறுநீரகம் தண்ணீரை நம்பி வேலை செய்யும் உறுப்பு. எண்ணெயில் கரையும் பொருளை அது வடிகட்டினாலும், குழாய்ச் சுவர் வழியாக அது மறுபடி ரத்தத்துக்கே திரும்பிவிடும். அப்படியே விட்டால் கொழுப்பில் போய் உட்கார்ந்துகொள்ளும். எனவே கல்லீரல் இரண்டு கட்டமாக வேலை பார்க்கிறது. கைப்பிடி இல்லாத வழவழப்பான பாத்திரம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்டத்தில் அதற்கு ஒரு கைப்பிடி பற்றவைக்கப்படுகிறது, அதாவது ஓர் ஆக்சிஜன் சேர்க்கப்படுகிறது. இரண்டாம் கட்டத்தில் அந்தக் கைப்பிடியில் தண்ணீரில் நன்றாகக் கரையும் ஒரு மூட்டை கட்டப்படுகிறது. மூட்டை குளுகுரோனிக் அமிலமாக இருக்கலாம், சல்பேட்டாக இருக்கலாம், கிளைசின் என்ற அமினோ அமிலமாகவும் இருக்கலாம். மூட்டை கட்டியாயிற்று என்றால் சிறுநீரிலோ பித்தநீரிலோ வெளியே போய்விடும்.

கைப்பிடி வைக்கும் நொதிகளில் முக்கியமானவை சைட்டோகுரோம் பி450 குடும்பம். கார்பன் மோனாக்சைடோடு சேரும்போது 450 நானோமீட்டர் ஒளியை அதிகமாக உறிஞ்சும் நிறமி என்பதால் 1962-ல் ஒமூராவும் சாட்டோவும் வைத்த பெயர். மனிதனுக்கு இந்தக் குடும்பத்தில் 57 மரபணுக்கள். ஒவ்வொரு நொதியும் பல பொருட்களைப் பிடிக்கும். மனிதன் இதுவரை சந்திக்காத, போன வருடம் தொழிற்சாலையில் உருவான பொருளைக்கூடப் பிடிக்கும். இவ்வளவு தாராளமாக எல்லாவற்றுக்கும் கதவைத் திறக்கும் அமைப்பு, ஒவ்வொன்றையும் விசாரித்து அனுப்ப முடியுமா? முடியாது. அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

பென்சீனையும் டொலுயீனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஏறத்தாழ ஒரே மாதிரியான திரவம், ஒரே மாதிரி ஆவியாகும், ஒரே வேலைக்குப் பயன்படும். ஒரே வித்தியாசம், டொலுயீன் வளையத்தில் ஒரு மெத்தில் குழு வால் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வால்தான் உயிர் காக்கிறது. டொலுயீன் வந்தால் நொதிக்கு வளையத்தைத் தொட அவசியமில்லை. வாலைப் பிடித்து ஆக்சிஜன் சேர்ப்பது சுலபம். பென்சைல் ஆல்கஹால் ஆகி, பென்சால்டிஹைடு ஆகி, பென்சாயிக் அமிலம் ஆகிறது. அதோடு கிளைசின் சேர்ந்து ஹிப்பியூரிக் அமிலமாகி சிறுநீரில் போய்விடுகிறது. வளையத்தில் கை வைப்பது மிகச் சிறு பங்குதான்.

ஹிப்பியூரிக் அமிலம் ஒன்றும் புதிய சரக்கு அல்ல. குதிரை மூத்திரத்தில் கண்டெடுத்ததால், கிரேக்க மொழியில் குதிரையைக் குறிக்கும் சொல்லை வைத்து அந்தப் பெயர். புல் தின்னும் மாட்டின் கோமியத்திலும் ஏராளம். 1842-ல் ஜெர்மனியில் வோலரின் தூண்டுதலால் கெல்லர் என்ற இளைஞர் பென்சாயிக் அமிலத்தைத் தானே விழுங்கி, தன் சிறுநீரில் ஹிப்பியூரிக் அமிலம் வந்ததைக் காட்டினார். உள்ளே போன பொருளை உடல் வேறொன்றாக மாற்றி அனுப்புகிறது என்பதற்கான ஆரம்பகால நிரூபணங்களில் அது ஒன்று. ஜாமிலும் சாஸிலும் கெடாமல் இருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் இதே வழியில்தான் வெளியேறுகிறது.

இப்போது பென்சீன். அதற்கு வால் இல்லை. சிஒய்பி2இ1 என்ற நொதி வேறு வழியில்லாமல் வளையத்திலேயே ஆக்சிஜனைச் சேர்க்கிறது. பென்சீன் ஆக்சைடு உருவாகிறது. அது ஃபீனால் ஆகிறது, ஃபீனால் ஹைட்ரோகுவினோன் ஆகிறது. ஒரு பகுதி வளையம் திறந்து மியூகோனால்டிஹைடு ஆகிறது. பெரும்பகுதியில் மூட்டை கட்டப்பட்டு வெளியே போய்விடுகிறது என்பது உண்மை. ஆனால் தப்பித்த ஹைட்ரோகுவினோன் ரத்தத்தில் ஏறி எலும்பு மஜ்ஜைக்குப் போகிறது. அங்கே வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் மையலோபெராக்சிடேஸ் என்ற நொதி அதைப் பென்சோகுவினோனாக மாற்றுகிறது. ரத்தம் உற்பத்தியாகும் இடத்திலேயே வெடி வைத்தாயிற்று. மஜ்ஜை வறண்டு போகலாம், ரத்தப் புற்றுநோய் வரலாம்.

கல்லீரல் காவல்காரன் என்றால், கல்லீரலை வெட்டிவிட்டால் பென்சீன் இன்னும் அதிகமாகத் தாக்க வேண்டும் அல்லவா? 1979-ல் வெளியான ஓர் ஆய்வில் எலிகளின் கல்லீரலில் பெரும்பகுதியை நீக்கிவிட்டுப் பென்சீன் கொடுத்தார்கள். பாதிப்பு கூடவில்லை. குறைந்தது! பிறகு 1990களில் சிஒய்பி2இ1 நொதியே இல்லாத எலிகளை உருவாக்கிச் சோதித்தபோதும் பென்சீன் அவற்றின் ரத்த அணுக்களைத் தொடவில்லை. டொலுயீனையும் பென்சீனையும் சேர்த்துக் கொடுத்தால் டொலுயீன் நொதியின் நேரத்தைப் பிடித்துக்கொள்ள, பென்சீனின் பாதிப்பு குறைந்தது. ஆக நஞ்சு பாட்டிலில் முழுசாக இல்லை. கடைசிக் கட்ட உற்பத்தி உடலுக்குள்தான் நடக்கிறது. மது இந்த சிஒய்பி2இ1 நொதியின் அளவைக் கூட்டும் என்பதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

(அதற்காக டொலுயீன் நல்ல பிள்ளை என்று முடிவு கட்டவேண்டாம். அது ரத்தப் புற்றுநோய் தருவதாகத் தெரியவில்லை என்பதோடு அதன் நற்சான்று முடிந்தது. பசையை முகர்ந்து போதை ஏற்றிக்கொள்ளும் சிறுவர்களின் மூளையை நாசம் செய்வது அதுவேதான்.)

இந்த ஒரு மெத்தில் குழுவின் விலை என்ன என்பதற்குத் தொழிற்சாலை வரலாறு சாட்சி. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காப்பிக் கொட்டையிலிருந்து காஃபீனை எடுக்கவே பென்சீனைப் பயன்படுத்தியவர்கள் இருந்தார்கள். இஸ்தான்புல்லில் செருப்புத் தைக்கும் தொழிலாளர்கள் பென்சீன் கலந்த பசையோடு காற்றோட்டமில்லாத சின்னச் சின்னப் பட்டறைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களிடம் ரத்தப் புற்றுநோய் அதிகமாக இருப்பதை முசாஃபர் அக்சோய் என்ற மருத்துவர் 1974-ல் எழுதினார். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் ரப்பர் படலம் தயாரித்த தொழிலாளர்களிடமும் அதே கதை என்பது 1977-ல் வெளிவந்தது. உடனே அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு அமைப்பு, காற்றில் பத்து லட்சத்தில் 10 பங்கு என்றிருந்த பென்சீன் வரம்பை 1 பங்காகக் குறைத்து 1978-ல் விதி போட்டது. பெட்ரோலியத் தொழில் சங்கம் வழக்குப் போட்டது. 10 பங்கு அளவில் கணிசமான ஆபத்து இருக்கிறது என்று அமைப்பு முதலில் காட்டவில்லை என்று சொல்லி 1980-ல் உச்ச நீதிமன்றம் விதியை ரத்து செய்தது. மறுபடி கணக்குப் போட்டு, கருத்துக் கேட்டு, அதே 1 பங்கு வரம்பு திரும்பி வந்தது 1987-ல். ஏழு வருடம். செலவு - பலன் ஆய்வு என்று வகுப்பில் கரும்பலகையில் போடும் கணக்கில், இந்த ஏழு வருடம் மஜ்ஜையில் பென்சோகுவினோன் சேர்த்துக்கொண்டிருந்தவர்கள் எந்தக் கட்டத்தில் வருவார்கள்?

இந்தியாவில் பிஎஸ்-6 பெட்ரோலில் பென்சீன் 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது. அந்தப் பெட்ரோல் 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுவதும் விற்கப்படுகிறது. நல்ல விஷயம். ஆனால் வண்டிக்காரர் இரண்டு நிமிடம் முகர்வதும், பங்க்கில் நின்று நாள் முழுக்க டேங்க் மூடிக்குப் பக்கத்தில் முகத்தை வைத்திருப்பவர் முகர்வதும் ஒன்றல்ல. பெட்ரோல் ஆவியை உறிஞ்சித் திருப்பி அனுப்பும் கருவி இருக்கிறது. சிறுநீரில் மியூகோனிக் அமிலமும் ஃபீனைல்மெர்காப்ட்யூரிக் அமிலமும் பார்த்து ஒருவர் உடம்பில் எவ்வளவு பென்சீன் உருமாறியிருக்கிறது என்று சொல்லும் சோதனையும் இருக்கிறது. கல்லீரலே எழுதித் தரும் ரசீது அது. அந்த ரசீதைப் படிக்க யாரும் கேட்பதில்லை என்பதுதான் வருத்தம். பங்க் ஊழியர்களுக்கு வருடம் ஒருமுறை ரத்த அணு எண்ணிக்கையும் இந்தச் சிறுநீர்ச் சோதனையும் செய்வது, அந்தப் பங்க்கின் வாசலில் வைக்கும் விளம்பரப் பலகையின் செலவைவிடப் பெரிதாக இருக்குமா என்பது சந்தேகமே.

சரி, பென்சீன் தொழிற்சாலைச் சரக்கு. வீட்டு அலமாரியில் இருப்பதற்கு வரலாம்.

1886-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் இரண்டு மருத்துவர்கள், கானும் ஹெப்பும், ஒரு நோயாளிக்கு நாப்தலீன் கொடுக்க நினைத்தார்கள். மருந்துக்கடையில் தவறுதலாக அசிட்டனிலைடு வந்துவிட்டது என்றும், காய்ச்சல் இறங்கிவிட்டது என்றும் கதை. அசிட்டனிலைடு பிரபலமான காய்ச்சல் மருந்தானது. ஆனால் சாப்பிட்ட சிலர் நீலம் பாரித்தார்கள். காரணம் புரிய அறுபது வருடம் பிடித்தது. 1948-ல் நியூயார்க்கில் புரோடியும் ஆக்செல்ராடும் கண்டுபிடித்தது இது: அசிட்டனிலைடை உடல் இரண்டு வழியில் மாற்றுகிறது. ஒரு வழியில் அனிலீன் உருவாகிறது. அதுதான் ரத்தத்தின் ஹீமோகுளோபினைக் கெடுத்து நீலம் பாரிக்க வைக்கிறது. இன்னொரு வழியில் வளையத்தில் ஒரு ஹைட்ராக்சில் குழு சேர்ந்து வேறொரு பொருள் உருவாகிறது. காய்ச்சலை இறக்கியது அந்தப் பொருள்தான். அதன் பெயர் பாரசிட்டமால்! நோயாளிகள் விழுங்கியது ஒன்று, வேலை செய்த மருந்து கல்லீரல் தயாரித்தது. காவல்காரன் கதைக்கு இது எப்படிப் பொருந்தும்? ஒரே சரக்கில் இருந்து ஒரே உறுப்பு நஞ்சையும் செய்தது, மருந்தையும் செய்தது.

நேரடியாகப் பாரசிட்டமாலையே விற்கத் தொடங்கிய பிறகு கதை இன்னொரு திருப்பம் எடுத்தது. அளவோடு சாப்பிட்டால் அதில் பெரும்பகுதி சல்பேட், குளுகுரோனிக் அமில மூட்டைகளோடு போய்விடும். சுமார் 5 முதல் 10 சதவீதம் மட்டும் பழைய நண்பர் சிஒய்பி2இ1 போன்ற நொதிகளிடம் போகும். அது என்-ஏ-பி-கியூ-ஐ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு குவினோன் வகைப் பொருளாக மாறும். எதைக் கண்டாலும் ஒட்டிக்கொள்ளும் ஆபத்தான பொருள். ஆனால் பிறந்த உடனேயே குளூட்டாதயோன் என்ற பொருள் அதைப் பிடித்து அமுக்கிவிடும். பிரச்சினை ஒன்றுமில்லை.

குளூட்டாதயோனை வங்கிக் கணக்கில் இருக்கும் கையிருப்பாக நினையுங்கள். தினமும் கொஞ்சம் செலவு, தினமும் கொஞ்சம் வரவு. அளவுக்கு மீறி மாத்திரை உள்ளே போனால் சல்பேட் வழி முதலில் நிரம்பிவிடும். மிச்சமெல்லாம் என்-ஏ-பி-கியூ-ஐ வழியில் திரும்பும். கையிருப்பு கரையும். இந்த வங்கியில் ஓவர்டிராஃப்ட் வசதி கிடையாது. கையிருப்பு தீர்ந்ததும் அந்தப் பொருள் அதை உருவாக்கிய கல்லீரல் செல்லின் புரதங்களிலேயே ஒட்டிக்கொள்ளும். செல் சாகும். சாப்பாடு இல்லாமல் இருப்பவர்களுக்குக் கையிருப்பே குறைவு. தினமும் குடிப்பவர்களுக்கு நொதியும் அதிகம், கையிருப்பும் குறைவு.

1966-லேயே பிரிட்டனில் இந்தக் கல்லீரல் அழிவு பதிவானது. 1973-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளில் மேலே சொன்ன காரணத்தைக் கண்டார்கள். காரணம் தெரிந்ததால் மாற்று மருந்தும் கிடைத்தது: குளூட்டாதயோன் செய்யத் தேவையான மூலப்பொருளான அசிட்டைல்சிஸ்டீனைக் கொடுத்தால் போதும். 8 மணி நேரத்துக்குள் கொடுத்தால் ஏறத்தாழ எல்லோரையும் காப்பாற்றிவிடலாம். நோயின் குரூரம் எங்கே என்றால், முதல் நாள் முழுக்க ஆள் நன்றாக இருப்பார். கொஞ்சம் குமட்டல், அவ்வளவுதான். வீட்டில் எல்லோரும் 'ஒன்றும் ஆகவில்லை' என்று நிம்மதியாக இருக்கும் அந்த நேரம்தான் மருந்து வேலை செய்யும் நேரம். இரண்டாம் மூன்றாம் நாள் கண் மஞ்சளாகும்போது பெரும்பாலும் நேரம் கடந்திருக்கும். அதிகம் சாப்பிட்டது தெரிந்தால், தெரியாமல் சாப்பிட்டாலும் சரி, நன்றாக இருந்தாலும் சரி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். பதிவில் இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாராவது நினைவில் வைத்துக்கொண்டால்கூடப் போதும்.

பெரியவர்களுக்கு ஒரு நாளின் உச்ச அளவு 4 கிராம். கேட்க நிறைய மாதிரித் தெரியும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு இன்னொரு மாத்திரை, உடம்பு வலிக்கு மூன்றாவது என்று வாங்கும்போது மூன்றிலும் பாரசிட்டமால் இருக்கலாம். பெயர் வேறு வேறு, கம்பெனி வேறு வேறு, உள்ளே சரக்கு ஒன்று. அட்டையின் பின்பக்கம் எச்சரிக்கை இருக்கிறது, பெரும்பாலும் ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில். மூக்குப்பொடி டப்பா அளவுக்குக்கூட இடமில்லாத அட்டையில் நிறுவனத்தின் பெயர் மட்டும் தூரத்தில் இருந்தே தெரியும். பிரிட்டன் 1998-ல் ஒரே வாங்கலில் விற்கும் மாத்திரை எண்ணிக்கைக்கு வரம்பு போட்டது. அடுத்த 11 ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாரசிட்டமால் விஷத்தால் நேர்ந்த மரணங்கள் ஏறத்தாழ 43 சதவீதம் குறைந்ததாக 2013-ல் வந்த ஆய்வு சொல்கிறது. ஒரு சட்டத்தால் இத்தனை உயிர் மிச்சமாகும் என்றால், எச்சரிக்கையைத் தமிழிலும் அச்சடி என்று கேட்பது பெரிய கோரிக்கையே அல்ல.

எல்லாக் கல்லீரலும் ஒன்றல்ல என்பது இன்னொரு விஷயம். பூனைக்கு இந்தக் குளுகுரோனிக் அமில மூட்டை கட்டும் நொதிகளில் முக்கியமான ஒன்று வேலை செய்வதில்லை. மனிதன் சாதாரணமாக விழுங்கும் ஒரு பாரசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். பூனை வளர்ப்பவர்கள் கவனிக்க. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் மூட்டை கட்டும் திறன் முற்றியிருக்காது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகளின் ஊசிக்குழாயைக் கழுவும் உப்புநீரில் கிருமி வராமல் இருக்க பென்சைல் ஆல்கஹால் சேர்த்திருந்தார்கள். மேலே டொலுயீன் கதையில் வந்த அதே பொருள். பெரியவர்கள் உடம்பில் அது சத்தமில்லாமல் ஹிப்பியூரிக் அமிலமாகிப் போய்விடும். அந்தச் சின்ன உடம்புகளில் கிளைசின் சேர்க்கும் வேலை நடக்கவில்லை. பென்சாயிக் அமிலம் தேங்கி ரத்தம் அமிலமாகி, மூச்சுக்குத் திணறி 16 குழந்தைகள் இறந்ததாகக் கணக்கிட்டு, அந்தப் பொருள் சேர்ந்த கரைசலைப் பச்சிளங் குழந்தைகளுக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று 1982-ல் எச்சரிக்கை வந்தது. பெரியவர்களிடம் பாதுகாப்பானது என்று நிரூபித்தாயிற்றே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை.

பெரியவர்களுக்குள்ளும் வித்தியாசம் உண்டு. காசநோய்க்குக் கொடுக்கும் ஐசோநியாசிட் மருந்தில் இருப்பதும் ஒரு அரோமேட்டிக் வளையம்தான். அதில் அசிட்டைல் குழுவைச் சேர்த்துச் செயலிழக்க வைக்கும் நொதி சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் வேலை செய்யும், பிறவியிலேயே. இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மெதுவான ரகம். சென்னையில் 1956-ல் தொடங்கிய காசநோய் மருத்துவ ஆய்வு மையத்தில் இதை உலகத்துக்கே பாடமாகக் காட்டினார்கள். வாரம் ஒருமுறை மருந்து கொடுத்துப் பார்த்தபோது, வேகமான கல்லீரல் உள்ளவர்களுக்குப் பலன் குறைவாக இருந்தது; மருந்து கிருமியிடம் வேலை முடிக்கும் முன்பே கல்லீரல் அதை முடித்துவிட்டது. 'நன்றாக வேலை செய்யும் கல்லீரல்' நோயாளிக்கு எதிராக வேலை செய்த இடம் இது.

கடைசியாக மஞ்சள். கல்லீரல் டீடாக்ஸ் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகளில் மஞ்சள் சத்தான குர்குமினுக்கு எப்போதும் முன்வரிசை. குர்குமினில் இரண்டு வளையம், இரண்டிலும் கைப்பிடி தயாராகவே இருக்கிறது. எனவே குடல் சுவரிலும் கல்லீரலிலும் உடனே மூட்டை கட்டி அனுப்பப்படுகிறது. ரத்தத்தில் ஏறுவது மிகக் குறைவு. 1998-ல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2 கிராம் குர்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின், அதாவது மிளகின் காரச் சத்து, சேர்த்துக் கொடுத்தார்கள். ரத்தத்தில் கிடைக்கும் அளவு 2000 சதவீதம் கூடியது. அந்த எண் இன்றுவரை டப்பாக்களின் மேல் தங்க எழுத்தில் மின்னுகிறது.

மிளகு இதை எப்படிச் செய்கிறது என்பதை மட்டும் டப்பா சொல்வதில்லை. மூட்டை கட்டும் நொதியைத் தடுப்பது அதன் வழிகளில் ஒன்று. கல்லீரலைப் பலப்படுத்தும் மாத்திரை, கல்லீரலின் கையைக் கட்டித்தான் உள்ளே நுழைகிறது! அதே நொதியை நம்பியிருக்கும் மற்ற மருந்துகளின் கணக்கும் இதோடு மாறலாம் என்று நினைக்க வேண்டும்.

அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளைத் தொடர்ந்து பதிவு செய்யும் குழு 2022-ல் மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி எழுதியது. அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். சோதிக்கக் கிடைத்த 7 மாத்திரை மாதிரிகளில் 3-ல் மிளகுச் சத்து இருந்தது. 10 பேரில் 7 பேருக்கு ஒரு குறிப்பிட்ட எதிர்ப்புசக்தி மரபணு இருந்ததால் சந்தேகம் முக்கியமாக அந்தப் பக்கம் போகிறது. மிளகுதான் குற்றவாளி என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, இங்கும் அப்படிச் சொல்லத் தேவையில்லை. எண்ணிக்கையும் குறைவுதான். ரசத்தில் போடும் மஞ்சளும் மிளகும் இந்த வழக்கில் பிரதிவாதிகளே அல்ல, கிராம் கணக்கில் செறிவூட்டிய மாத்திரைகள்தான். இத்தாலியில் இதேபோன்ற பாதிப்புகள் வந்தபோது 2019-ல் அரசு, கல்லீரல் அல்லது பித்தக் கோளாறு உள்ளவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்ற எச்சரிக்கையை மஞ்சள் மாத்திரை டப்பாக்களில் கட்டாயமாக்கியது. இங்கே கடையில் 'லிவர் கேர்' என்ற அலமாரியில் கிடைக்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். கல்லீரல் நோயாளி தவிர்க்க வேண்டும் என்ற வரி அதில் எந்த மூலையில், எந்த மொழியில் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.